பருந்து மாசம்

பாட்டியின் அடையாள அட்டையில் பிறந்த தேதி 1945 ஆகஸ்டு 1 என்று இருக்கிறது. அது சரியில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பாட்டியே சொல்வார்: "அது எழுதுனவரு போட்ட தேதிய்யா. நான் பொறந்தது பருந்து மாசம்."

தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது சித்திரை, வைகாசி என்று மாதப் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பன்னிரண்டையும் ஒப்பித்துவிட்டு, "டீச்சர், பருந்து மாசத்த விட்டுட்டீங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. அன்றோடு அதைப் பாட்டியின் கதைகளில் ஒன்று என ஒதுக்கிவிட்டேன். ஸ்கூடாயில் இயந்திரப் பொறியியல் முடித்து, போர்ட்டிக்சனில் ஓர் ஆலையில் வேலை கிடைத்து வரும்வரை அது என் நினைவிலேயே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் மார்ச் மாதம், ஓய்வு நாள் ஒன்றில், கூட வேலை செய்யும் மலாய்க்கார அண்ணன் "தஞ்சோங் துவானுக்கு வா, லாங் வருது" என்று கூப்பிட்டார். லாங் என்றால் பருந்து. எனக்குப் பறவைகளில் பெரிய ஆர்வம் கிடையாது. காகம், மைனா, புறா, இதற்கு மேல் பெயர் தெரியாது. சும்மா போனேன். காட்டுக்குள் ஏறும் தார்ச்சாலையில் வியர்க்க வியர்க்க நடந்து கலங்கரை விளக்கத்தை அடைந்தபோது மணி பத்து. பெரிய தொலைநோக்கிகளை முக்காலியில் பொருத்தி ஏழெட்டுப் பேர் கடலைப் பார்த்து நின்றிருந்தார்கள். வானத்தில் ஒன்றுமில்லை.

பதினொன்றரை வாக்கில் ஒருவர் கையை நீட்டினார். தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே புள்ளிகள். அவை வளர்ந்து பறவைகளாகின. பருந்து என்றால் சிறகை விரித்து மிதக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இவை இறக்கையை அடித்து அடித்து, மூச்சிரைப்பதுபோல வந்தன. முனையின் பாறைகளைத் தாண்டி காட்டுக்கு மேலே வந்ததும் அடிப்பது நின்றது. சிறகுகள் விரிந்தன. வட்டமிடத் தொடங்கி, ஐந்து நிமிடத்தில் கண்ணுக்கெட்டாத உயரத்துக்குப் போய், வடக்கே நழுவி மறைந்தன. பின்னாலேயே அடுத்த கூட்டம். மதியம் இரண்டு மணிக்குள் நான் மட்டும் இருநூறுக்கு மேல் எண்ணியிருந்தேன்.

இரவு பாட்டிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அதான்யா பருந்து மாசம். இப்பதான் பாக்குறியா?" என்றார்.

அந்த முனையில் நடப்பது என் படிப்புக்கு நெருக்கமான விஷயம் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தஞ்சோங் துவானுக்கு எதிரே, சுமாத்ராவை ஒட்டி ரூப்பாட் தீவு இருக்கிறது. நடுவில் சுமார் 38 கிலோமீட்டர் தண்ணீர். வெயிலில் நிலம் சூடாகும்போது அதன் மேலிருக்கும் காற்று சூடாகித் தூணாக எழும்பும். பெரிய பருந்துகள் அந்தத் தூணில் ஏறி, உச்சியிலிருந்து அடுத்த தூண்வரை சறுக்கிக்கொண்டே போகும். கிட்டத்தட்டப் பெட்ரோல் செலவில்லாத பயணம். தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது, அதனால் நீரிணைக்கு மேல் பலமான தூண் கிடைக்காது. ரூப்பாட்டில் ஆயிரம் மீட்டர் ஏறிக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் பத்து மீட்டர் முன்னேறினாலும் பத்து கிலோமீட்டரில் காலடியில் கடல். மிச்சத்துக்கு இறக்கையை அடித்துத்தான் ஆகவேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்று முகத்தில் அடிக்கும். எனவே கடல் குறுகலான இடம் பார்த்து, காற்று அடங்கிய நாள் பார்த்துக் கடக்கின்றன. தஞ்சோங் துவான் காட்டின் மேல் எழும் சூடான காற்றுதான் அவற்றுக்கு முதல் கைப்பிடி.

கடப்பவற்றில் பெரும்பாலானவை தேன்பருந்து. மலாயில் லாங் லெபா, தேனீப் பருந்து. கூடவே கொண்டை வைத்த சிறிய கருப்பு வெள்ளைப் பருந்தான பிளாக் பாசா, சாம்பல் முகப் பருந்து, ஜப்பானிய, சீன வல்லூறுகள். தேன்பருந்து கோழிக்குஞ்சு தூக்கும் ஜாதி இல்லை. தேனீ, குளவிக் கூடுகளைப் பிய்த்து உள்ளே இருக்கும் புழுக்களைத் தின்னும். கொட்டு படாமலிருக்க முகத்தில் மீன் செதில் மாதிரி நெருக்கமான சிறு இறகுகள். ஜப்பானில் பேராசிரியர் ஹிரோயோஷி ஹிகுச்சி குழுவினர் 2003 முதல் இவற்றின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். இலையுதிர் காலத்தில் ஜப்பானிலிருந்து கிழக்குச் சீனக் கடலைத் தாண்டி, சீனா, இந்தோசீனா, தாய்லாந்து வழியாக இந்தத் தீபகற்பத்துக்குள் இறங்கி சுமாத்ராவுக்குப் போகின்றன. சில ஜாவா, சில போர்னியோ, பிலிப்பைன்ஸ்வரை. வசந்தத்தில் திரும்பும்போது வேறு பாதை. நம் தலைக்கு மேலே ஏறி, சீனாவுக்குள் போய், கொரியாவைச் சுற்றிக்கொண்டு வீடு சேர்கின்றன. ஒரு வழிக்கே பத்தாயிரம் கிலோமீட்டர் அளவு.

இவ்வளவும் தெரிந்த பிறகு எனக்கு வேறொரு கேள்வி வந்தது. இந்த வானத்தை இதற்கு முன் யார் எழுதி வைத்தார்கள்?

இந்த முனைக்கு எழுத்து வரலாறு குறைவில்லை. போர்த்துக்கீசியர் இதற்கு வைத்த பெயர் காபோ ரச்சாடோ. அவர்கள் காலத்திலேயே இங்கே விளக்கு இருந்தது. இப்போது நிற்கும் கோபுரம் 1863இல் ஆங்கிலேயர் கட்டியது. நெகிரி செம்பிலானுக்குள்ளே இந்தத் துண்டு நிலம் மட்டும் இன்னும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். 1606இல் டச்சுக் கப்பல்களும் போர்த்துக்கீசியக் கப்பல்களும் இதற்கு எதிரே மோதிக்கொண்டன. மூழ்கிய டச்சுக் கப்பல் நசாவ்வின் பொருள்களை 1990களில் கடலடியிலிருந்து எடுத்தார்கள். எந்தத் தளபதி, எத்தனை கப்பல், எல்லாம் ஏட்டில் இருக்கிறது. அது நடந்தது ஆகஸ்டு மாதம். பாட்டியின் அட்டையில் உள்ள மாதம். அன்றைக்கு மேலே பருந்து எதுவும் இருந்திருக்காது.

பறவைகளை ஏட்டில் ஏற்றும் வேலை இருபதாம் நூற்றாண்டில்தான் சூடு பிடிக்கிறது. அதுவும் கலங்கரை விளக்கத்திலிருந்தே. கிள்ளானுக்கு வெளியே கடல் நடுவில் நிற்கிறது ஒன் ஃபேதம் பேங்க் விளக்கு, மலாயில் பெர்மாத்தாங் செடெப்பா. இரவில் வலசை போகும் சிறு பறவைகள் அந்த வெளிச்சத்தில் மயங்கி விழும். கூட்டு மலாய் மாநிலங்களின் அருங்காட்சியகத்தை நடத்திய ஹெர்பர்ட் ராபின்சனும் போடன் குளோசும் அங்கே கிடைத்த பறவைகளைப் பட்டியலிட்டு, 1920களின் தொடக்கத்தில் அருங்காட்சியக இதழில் வெளியிட்டார்கள். 1927இல் ராபின்சனின் 'மலாய்த் தீபகற்பத்துப் பறவைகள்' முதல் தொகுதி வந்தது, அடுத்த ஆண்டு இரண்டாவது. 1929இல் அவர் இறந்துவிட, ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் பிரெடெரிக் சேசன் மூன்றையும் நான்கையும் முடித்தார். ஐந்தாவதற்குள் போர் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து தப்பிய கியாங் பீ கப்பலில் இருந்தார் சேசன். ஜப்பானியர்கள் அதை மூழ்கடித்தார்கள். ஐந்தாம் தொகுதியை லார்ட் மெட்வேயும் டேவிட் வெல்சும் எழுதி 1976இல் வெளியிட்டார்கள். முதல் தொகுதிக்கும் கடைசித் தொகுதிக்கும் 49 வருடம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் கை மேடாக். மலாயாவில் போலீஸ் அதிகாரி, பின்னால் அவசரகாலத்தில் உளவுத்துறைத் தலைவர். ஜப்பானியர் அவரைச் சாங்கியில் அடைத்து வைத்தார்கள். பசியும் நோயுமாக இருந்த அந்த முகாமில், கிடைத்த காகிதத்தில், ஞாபகத்திலிருந்தும் கூட அடைபட்டவர்களைக் கேட்டும், மலாயாப் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகத்தைத் தட்டச்சு செய்தார். 1940இல் தொடங்கப்பட்டிருந்த மலாயா இயற்கைச் சங்கம் அதை 1947இல் அச்சிட்டது. சிறையில் இருந்துகொண்டு வெளியே பறப்பதை எழுதிய மனிதர். எனக்கு அவர் மேல் மரியாதைதான். ஆனால் அதைப் படித்தபோது என் மனம் வேறொரு இடத்துக்குப் போனது. அதே ஆண்டுகளில் போர்ட்டிக்சனிலிருந்து லிங்கி போகும் பாதையில் ஒரு ரப்பர் தோட்டத்து லயனில் பாட்டி பிறந்திருந்தார். அதை எழுத ஒரு காகிதமும் இல்லை.

பாட்டியிடம் உட்கார்ந்து முறையாக விசாரித்தது போன வருடம்தான். "ஒங்கம்மா என்ன சொன்னாங்க, அப்படியே சொல்லுங்க" என்றேன்.

"எங்கம்மா சொல்லும். நீ பொறந்தப்ப மரத்துல ஒரு எல கெடையாது. மேல பருந்தா போவுது. ஒங்கப்பன் வாசல்ல உக்காந்து அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தாரு. மூணு மாசம்கூட ஆவல, சயாமுக்குப் புடிச்சிட்டுப் போய்ட்டானுங்க."

நாலு வாக்கியத்துக்குள் எல்லாமே இருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

ரப்பர் மரம் வருடத்துக்கு ஒருமுறை மொத்த இலையையும் கொட்டும். இங்கே அது பிப்ரவரி, மார்ச் வாக்கில். மற்ற மாதங்களில் ரப்பர் காட்டுக்குள் நின்றால் வானம் தெரியாது. மேலே பச்சைக் கூரைதான். இலை கொட்டும் சில வாரங்கள் மட்டும் கூரை திறக்கும். தேன்பருந்துகள் நீரிணையைக் கடக்கும் வாரங்களும் அவைதான். அதோடு, இலை உதிர்ந்து புதுத்துளிர் விடும்போது பால் குறையும், வேலை குறையும், சம்பளம் குறையும். அண்ணாந்து பார்க்க நேரம் கிடைப்பதும் அப்போதுதான். கையில் காசில்லாத மாசம் என்பதால் அது இன்னும் நன்றாக ஞாபகத்தில் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். "பருந்து மாசத்துல கடைக்காரன் மொகத்த பாக்க முடியாது" என்பது பாட்டி வாயில் அடிக்கடி வரும். கடனைக் கேட்பானே என்ற பயம்.

கலங்கரை விளக்கத்தில் நின்றவருக்குக் கடலிலிருந்து பருந்து வருவது மட்டும் தெரியும். அவை உள்நாட்டுக்குள் எங்கே இறங்கின, எங்கே இரவு தங்கின என்பதைத் தோட்டத்தில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். மழை பிடித்துக்கொண்ட நாள்களில் மொட்டை மரங்களில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் என்கிறார் பாட்டி. லயனுக்குப் பின்னால் ஒரு மரத்துத் தேனடையை ஒன்று பிய்த்து எறிந்ததையும், தேனீக்கள் கலைந்து வந்து பிள்ளைகளைக் கொட்டியதையும் பார்த்திருக்கிறார். "அது கோழிய தொடாது. ஆனாலும் நாங்க குஞ்சுங்கள கூடைய போட்டுக் கவுத்துடுவோம். பருந்த நம்ப முடியுமா?" கோழியைத் தொடாது, தேனடையைப் பிய்க்கும். எந்தப் பறவை என்று அடையாளம் சொல்ல எனக்கு அது போதுமாக இருந்தது.

பாட்டி சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. பருந்துகள் பத்துமலைத் தைப்பூசத்துக்குப் போய்விட்டுத் திரும்புகின்றன என்றும் அவர் சொல்வார். திசையும் பொருந்தாது, தேதியும் பொருந்தாது. ஆனால் இலை, பருந்து, சயாம் மூன்றும் பொருந்துகின்றன. சயாம் மரண ரயிலுக்குத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துப்போனது 1943இல். அதே ஆண்டு அக்டோபரில் பாதை முடிந்துவிட்டது. பிள்ளை பிறந்து மூன்று மாதத்துக்குள் அப்பாவைக் கொண்டுபோனார்கள் என்றால், அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர் பார்த்தது 1943 பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்துப் பருந்துகளை. அவர் திரும்பி வரவில்லை.

பாட்டியிடம் இன்னொன்றும் கேட்டேன். தாத்தா இளவட்டமாக இருந்தபோது மழையில் நனைந்து விழுந்த ஒரு பருந்தைக் கூட்டாளிகளோடு பிடித்தாராம். லாஸ்டிக்கால் அடித்து விழுத்தியது என்று தாத்தா ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது பொய்யாம். "அது கால்ல வளையம் எதும் இருந்துச்சா பாட்டி?" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை எச்சில் சட்டையில் தெறித்தது. "பருந்துக்கு எவன்யா மோதிரம் போடுவான்?"

போட்டார்கள். 1963 முதல் 1971 வரை எலியட் மக்லூர் என்ற அமெரிக்கர் ஆசியா முழுக்க அப்படியொரு திட்டத்தை நடத்தினார். முன்பு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவோடு வேலை செய்தவர். வலசைப் பறவைகள் நோய்களைக் கொண்டுவருகின்றனவா என்று அறிவதே திட்டத்தின் நோக்கம், பணம் அமெரிக்க ராணுவத்துடையது. பல நாடுகளில் சேர்த்துப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டினார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் மெட்வே போன்றவர்கள் இங்கே அந்த வேலையைச் செய்தார்கள். எந்தப் பறவை, எங்கே, எந்த நாளில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பெரும்பாலும் வலையில் சிக்கும் சிறு பறவைகள்தான், பருந்துகள் மிகக் குறைவு. ஆகவே பாட்டி சிரித்ததிலும் நியாயம் உண்டு.

அந்தத் திட்டம் நடந்துகொண்டிருந்தபோதுதான் பாட்டியின் அண்ணன் இந்த நாட்டை விட்டுப் போனார். 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் எடுத்தால்தான் வேலை செய்யலாம். அவர் பிறந்தது இதே தோட்டத்தில், ஆனால் காட்டுவதற்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. இருந்தது சிவப்பு அடையாள அட்டை. அந்த ஆண்டுகளில் அப்படிப் பல்லாயிரம் பேர் கிளம்பினார்கள். அவர் ரஜூலா கப்பல் ஏறி, தான் பார்த்தேயிராத ஒரு கிராமத்துக்குப் போனார். முதல் இரண்டு வருடம் கடிதம் வந்தது என்கிறார் பாட்டி. ஜப்பானில் வளையம் போட்ட பறவை இங்கே அகப்பட்டால் எங்கே பிறந்தது என்று நிரூபிக்க அதன் காலிலேயே ஆதாரம் இருந்த காலம் அது. நூலகத்தில் அந்த வளையக் கணக்குகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. மக்லூர் மேல் இல்லை.

பாட்டிக்கு எப்படியோ நீல அட்டை கிடைத்தது. மனு எழுதிக் கொடுத்தவர் குத்துமதிப்பாக ஒரு தேதி போட்டார். அதற்கு என்ன விலை என்பது பின்னால்தான் தெரிந்தது. தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டபிறகு பாட்டி மருந்தடிக்கும் வேலைக்குப் போனார். 55 வயதானால் சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு நின்றுவிடலாம். பாட்டிக்கு 55 ஆனது 1998இல், அட்டைக்கு 55 ஆனது 2000இல். "ரெண்டரை வருசம் அந்த எழுதுனவருக்காக மருந்து அடிச்சேன்" என்பார். முதுகில் பம்பு சுமந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

செம்பனை இலை கொட்டாது. வருடம் முழுக்க மூடியே இருக்கும். அதற்குப் பிறகு தோட்டத்தில் யாரும் பருந்து மாசம் என்று சொல்லவில்லை என்கிறார் பாட்டி. பருந்துகள் நின்றுவிட்டன என்றே நினைத்திருக்கிறார். என் அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியாது. இப்போது அங்கே தாமான் வந்துவிட்டது. கலங்கரை விளக்கத்தில் மலேசிய இயற்கைச் சங்கம் 2000 முதல் ஆண்டுதோறும் மார்ச்சில் பருந்து பார்க்கும் நிகழ்ச்சி நடத்தி, வருவதை எண்ணி எழுதுகிறது. நல்ல வேலை. நானும் இப்போது போய் நின்று எண்ணுகிறேன். தமிழ் முகம் அதிகம் தென்படாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இந்த மார்ச்சில் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போனேன். மேட்டில் ஏற முடியாது என்பதால் முனைக்குக் கீழே இருக்கும் கடற்கரையில், மர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். காற்று அடங்கியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் வர ஆரம்பித்தன. முதல் கூட்டம் தலைக்கு மேலே போனபோது பாட்டி ஒன்றும் பேசவில்லை. முந்தானையை நெற்றிக்கு மேல் இழுத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு, "முன்னெல்லாம் கடல்லேர்ந்து வருதுன்னு தெரியாதுய்யா. மரத்துக்கு மேலதான் பாத்துருக்கோம்" என்றார்.

ஒன்று பத்துக்கு ஒரு பெரிய கூட்டம். நான் எண்ணி நோட்டில் தேதி, நேரம், காற்று எல்லாம் எழுதி, எண்ணிக்கை 43 என்று போட்டேன். எட்டிப் பார்த்த பாட்டி, "எத்தன போட்ட?" என்று கேட்டார். சொன்னேன்.

"நாப்பத்தொண்ணு. கடைசியா சுத்துனது ரெண்டும் மொதல்லயே வந்ததுங்க. திரும்ப எண்ணிட்ட."

"இல்ல பாட்டி, நான் பைனாகுலர்ல பாத்தேன்."

"தெனம் ஐநூறு மரம் எண்ணி வெட்டுனவ நான்."

அடித்துவிட்டு 41 என்று எழுதினேன்.